‘இன் டெல்லி’ எதோடு ஒட்டும்? சென்டன்ஸ் கரெக்‌ஷனில் ஒரு சந்தேகம்

முகர்ஜிநகர்_மூணாவதுமாடி:
எல்லோருக்கும் வணக்கம். மத்திய அரசுப் பணிக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்காக டெல்லி வந்து முகர்ஜி நகரில் அறை எடுத்துப் படிக்கிறேன். ஊர் தென்காசிப் பக்கம். கணக்கு, ரீசனிங் எல்லாம் ஓடிவிடும். இங்கிலீஷில் ‘இன்’, ‘வித்’, ‘ஃபார்’ என்று தொடங்கும் தொடர்கள் வந்தால்தான் தடுமாற்றம். மாக் டெஸ்டில் வந்த கேள்வி இது. குழு விதிப்படி ஆங்கில வாக்கியத்தையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

‘தி மினிஸ்டர் அனவுன்ஸ்ட் எ ஸ்கீம் ஃபார் தி ஃபார்மர்ஸ் ஆஃப் விதர்பா இன் டெல்லி.’

விடைக்குறிப்பில் (கீ) கொடுத்த விடை: ‘தி மினிஸ்டர் அனவுன்ஸ்ட் இன் டெல்லி எ ஸ்கீம் ஃபார் தி ஃபார்மர்ஸ் ஆஃப் விதர்பா.’

முதல் வாக்கியத்தில் என்ன குறை? இரண்டிலும் அதே சொற்கள்தானே? கோச்சிங்கில் எல்லாம் ஹிந்தியில்தான். சார் ‘பாஸ் ரக்கோ, பாஸ் ரக்கோ’ என்கிறார். பக்கத்தில் வை என்பது புரிகிறது. எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பதுதான் புரியவில்லை.

கரோல்பாக்_தணிக்கை:
தம்பி, நானும் அதே முகர்ஜி நகரில் அதே ‘பாஸ் ரக்கோ’வைக் கேட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தேன். சார் சொல்வது சரி, ஆனால் பாதிதான்.

ப்ரிப்போசிஷன், அதாவது ‘இன்’, ‘வித்’, ‘ஃபார்’ போன்ற சொல், தொடங்கிவைக்கும் தொடர் இரண்டு வேலை செய்யும். ஒன்று, ஒரு பெயரைப் பற்றி ‘எந்த’ என்று சொல்லும். இரண்டு, ஒரு வினையைப் பற்றி ‘எங்கே, எப்போது, எப்படி, எதற்காக’ என்று சொல்லும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உடுப்பு. ‘இன் டெல்லி’ என்று எழுதிவிட்டால் அது எந்த வேலைக்கு வந்திருக்கிறது என்பது அதன் முகத்தைப் பார்த்தால் தெரியாது, நிற்கும் இடத்தை வைத்துத்தான் தெரியும்.

தமிழில் சொல்லிப் பார். ‘டெல்லியில் அறிவித்தார்’ என்பது ஒன்று. ‘டெல்லியில் உள்ள விவசாயிகள்’ என்பது வேறு. பெயரோடு ஒட்ட வேண்டுமென்றால் தமிழ் உன்னை ‘உள்ள’, ‘இருக்கிற’, ‘வந்த’ என்று ஏதாவது ஒன்றைப் போட வைக்கும். உன் கேள்வியில் ‘இன் டெல்லி’ விதர்பாவுக்குப் பின்னால் போய் நிற்கிறது. அப்படியே படித்தால் ‘டெல்லியில் உள்ள விதர்பா’ என்றோ ‘டெல்லியில் உள்ள விதர்பா விவசாயிகள்’ என்றோ அர்த்தம் வரும். விதர்பா மகாராஷ்டிராவில் இருக்கிறது. அறிவிப்புதான் டெல்லியில் நடந்தது. அதனால் தொடரை வினைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ‘இன் டெல்லி’யை வாக்கியத்தின் தலையில் வைத்து ஒரு கமா போட்டாலும் சரிதான்.

இந்த இரண்டையும் தமிழாக்கிப் பார்த்தால் விளங்கிவிடும்:

‘புட் தி ஃபைல் ஆன் தி டேபிள்.’ ஃபைலை மேஜைமேல் வை.
‘பிரிங் தி ஃபைல் ஆன் தி டேபிள்.’ மேஜைமேல் இருக்கிற ஃபைலைக் கொண்டு வா.

கடைசி ஐந்து சொற்கள் அச்சு அசல் ஒன்றுதான். இரண்டாவதில் மட்டும் ‘இருக்கிற’ இல்லாமல் உன்னால் சொல்ல முடியாது.

துவாரகா_இரவுஷிஃப்ட்:
இதெல்லாம் இன்னும் கேட்கிறார்களா? எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் சென்டன்ஸ் கரெக்‌ஷனையே தூக்கிவிட்டார்களே. 2023 நவம்பரில் ஃபோகஸ் எடிஷன் என்ற புது வடிவம் வந்தது, பழைய தேர்வு 2024 ஜனவரியோடு முடிந்தது. இப்போது வெர்பலில் 23 கேள்வி, எல்லாம் ரீடிங்கும் கிரிட்டிக்கல் ரீசனிங்கும்தான்.

கரோல்பாக்_தணிக்கை:
நண்பரே, ஜிமேட் தூக்கியது உண்மை. சிஜிஎல் தூக்கவில்லை. டயர் 1 என்ற முதல் கட்டத்தில் இங்கிலீஷ் 25 கேள்வி, 50 மார்க். டயர் 2-இல் 45 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 3 மார்க், தப்பானால் 1 போய்விடும். வாக்கியத் திருத்தமும் பிழை கண்டுபிடிப்பதும் அங்கே இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.

துவாரகா_இரவுஷிஃப்ட்:
சரி, அப்படியென்றால் அந்தக் காலத்தில் படித்ததை இங்கே கொட்டுகிறேன். யாருக்காவது உதவட்டும்.

‘பக்கத்தில் வை’ விதியை ரொம்பவும் இறுக்கிப் பிடித்தால் நல்ல விடையையும் வெட்டிவிடுவீர்கள். ‘தி லெட்டர் ஃப்ரம் தி பேங்க், விச் அரைவ்ட் யெஸ்டர்டே, வாஸ் அன்சைன்ட்.’ இதில் ‘விச்’சுக்குப் பக்கத்தில் நிற்பது பேங்க். நேற்று வந்து சேர்ந்தது பேங்க்கா? கடிதம்தான். கோச்சிங் நோட்ஸில் பலர் இதைத் தப்பு என்று குறித்து வைத்திருப்பார்கள். இலக்கணப்படி தப்பில்லை. ‘ஃப்ரம் தி பேங்க்’ கடிதத்தைவிட்டுப் பிரிய முடியாத தொடர். அதை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது? நடுவில் அது உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அர்த்தமும் குழம்பவில்லை. ஆனால் ‘தி ஷாப் நியர் தி ஹோட்டல், விச் வாஸ் க்ளோஸ்ட்’ என்று வந்தால் கடையும் மூடியிருக்கலாம், ஹோட்டலும் மூடியிருக்கலாம். தள்ளவேண்டியது இதைத்தான்.

அதனால் தூரத்தை மட்டும் அளக்காதீர்கள். இன்னொரு பெயர் அந்த இடத்துக்குப் போட்டிக்கு வருகிறதா என்று பாருங்கள்.

முகர்ஜிநகர்_மூணாவதுமாடி:
கரோல்பாக் அண்ணா, ‘உள்ள’ போட்டுப் பார்க்கும் வழி நன்றாகப் பிடிபடுகிறது. பழைய கேள்வித்தாள்களில் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் ஒன்றில் சிக்கிக்கொண்டேன். ‘எ மெடிசின் ஃபார் ஃபீவர்.’ ‘காய்ச்சலுக்கு மருந்து’ என்றுதானே சொல்கிறோம்? ‘உள்ள’ வரவே இல்லை. அப்படியானால் இது பெயரோடு ஒட்டவில்லையா?

ஆர்கேபுரம்_தமிழ்வாத்தியார்:
தம்பி கேட்டது நல்ல கேள்வி. கரோல்பாக் தணிக்கைக்காரர் சொன்ன ‘உள்ள’ சோதனை பெரும்பாலும் நிற்கும், எல்லா இடத்திலும் நிற்காது. எங்கே நிற்காது என்பதை நன்னூல் எப்போதோ சொல்லிவிட்டது.

வேற்றுமை உருபு ஏற்ற சொல் எதைக் கொண்டு முடியும் என்பது அங்கே பேச்சு. ஆறாம் வேற்றுமை பெயரைக் கொண்டு முடியும்: ‘மாமாவின் வீடு’. எல்லைப் பொருளில் வரும் ஐந்தாம் வேற்றுமையும் அப்படித்தான்: ‘மதுரையின் வடக்கு’. நான்காவதும் ஏழாவதும் இரண்டு பக்கமும் போகும்: ‘காய்ச்சலுக்கு மருந்து’ என்று பெயரோடும், ‘ஊருக்குப் போனான்’ என்று வினையோடும். மிச்சமெல்லாம் வினை. ‘கத்தியால் வெட்டினான்’ என்பதில் ‘கத்தியால்’ வினையைத்தான் தேடிப் போகும், ‘கத்தியால் காயம்’ என்றால் ‘ஏற்பட்ட’ என்று ஒன்று தொக்கி நிற்கும்.

ஆகவே ‘ஃபார்’ வந்து, அது தமிழில் ‘-க்கு’ ஆகும்போது மட்டும் சோதனையை நம்பாதே. அங்கே நேரே கேள்வி கேள்: எந்த மருந்து? காய்ச்சலுக்கு மருந்து. பெயரோடு ஒட்டிற்று, முடிந்தது.

‘ஆஃப்’ தொடர் நம் ஆறாம் வேற்றுமை மாதிரி. முன்னால் நிற்கும் பெயரை விட்டு நகராது. ‘டைட் ஆஃப் டெங்கு’, ‘அக்யூஸ்ட் ஆஃப் தெஃப்ட்’ போன்றவை வினையே கேட்டு வாங்கிக்கொண்டவை, அவற்றைத் தனியாக மனப்பாடம் பண்ணிக்கொள்.

கரோல்பாக்_தணிக்கை:
ஐயா, அலுவலகத்தில் ‘உள்ள’, ‘உள்ள’ என்று சொல்லியே பத்துப் பேருக்குப் பாடம் எடுத்துவிட்டேன். ‘-க்கு’ விதிவிலக்கையும் நாளைக்கே சேர்த்துவிடுகிறேன்.

முனீர்கா_மொழியியல்:
இந்த இடத்தில் சப்ஜெக்ட், வெர்ப் ஒற்றுமை பற்றியும் சொல்ல வேண்டும். தேர்வில் ப்ரிப்போசிஷன் தொடரை வைத்து வலை விரிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

‘தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் சோல்ட் இன் தி ஆசாத்பூர் மண்டி ஸ்டால்ஸ் ஹேவ் டிக்லைன்ட்.’

‘ஹேவ்’ தப்பு, ‘ஹேஸ்’ வர வேண்டும். இது எல்லா நோட்ஸிலும் இருக்கிறது. தொடர்களை அடைப்புக்குள் போட்டுவிட்டு மிச்சத்தைப் படி என்பார்கள். ஆனால் நம் ஆட்கள் இதில் ஏன் விழுகிறார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை. அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லுங்கள்: ‘ஆசாத்பூர் மண்டிக் கடைகளில் விற்கும் மாம்பழங்களின் தரம் குறைந்துவிட்டது.’ தலைமைச் சொல்லான ‘தரம்’ வினைக்கு ஒட்டியே நிற்கிறது. அடைமொழி எல்லாம் அதற்கு முன்னாலேயே வந்து போய்விட்டது. ‘தரம் குறைந்துவிட்டன’ என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது.

ஆங்கிலத்தில் தலைமைச் சொல் முதலில் வந்துவிடும். அடைமொழிகள் அதற்குப் பின்னால் ரயில் பெட்டிகள் போலக் கோத்துக்கொண்டு வரும். வினை வரும்போது அதன் காதருகே நிற்பது ‘ஸ்டால்ஸ்’, ‘மேங்கோஸ்’ போன்ற பன்மைகள். நம் காது ‘வினைக்குப் பக்கத்தில் நிற்பதுதான் எழுவாய்’ என்று பழகியது. அதனால்தான் ‘ஹேவ்’ இனிக்கிறது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இதில் வழுக்குவார்கள். நமக்கு வழுக்க இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது.

எனவே ஆங்கில வாக்கியத்தில் வினையிலிருந்து பின்னோக்கித் தேட வேண்டாம். முன்னாலிருந்து வந்து, முதல் ப்ரிப்போசிஷனுக்கு முன்னால் உள்ள பெயரைப் பிடியுங்கள். ‘இன் டெல்லி, …’ என்று வாக்கியமே தொடரில் தொடங்கினால் அந்தக் கமாவைத் தாண்டி வந்து பிடியுங்கள். ‘அலாங் வித்’, ‘டுகெதர் வித்’ வந்தாலும் இதே கதைதான். ‘தி செக்ரட்டரி, அலாங் வித் ஹிஸ் டெபுடீஸ், இஸ்…’ ஒருமைதான்.

முகர்ஜிநகர்_மூணாவதுமாடி:
அண்ணா, அப்படியானால் ‘மோஸ்ட் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ்’ வந்தால்? ‘மோஸ்ட்’ ஒருமையா, பன்மையா?

முனீர்கா_மொழியியல்:
அங்கே மட்டும் ‘ஆஃப்’க்குப் பின்னால் எட்டிப் பார்க்க வேண்டும். சம், எனி, ஆல், மோஸ்ட், ஹாஃப் போன்ற அளவுச் சொற்களுக்குச் சொந்தமாக எண்ணிக்கை கிடையாது. ‘மோஸ்ட் ஆஃப் தி வாட்டர் இஸ்’, ‘மோஸ்ட் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ் ஆர்’. ‘எ நம்பர் ஆஃப் கேண்டிடேட்ஸ் ஆர்’ பன்மை, ‘தி நம்பர் ஆஃப் கேண்டிடேட்ஸ் இஸ்’ ஒருமை. ‘ஒன் ஆஃப் தி கேண்டிடேட்ஸ் ஹூ ஹேவ் பாஸ்ட் இஸ் ஃப்ரம் தென்காசி’ என்றால், ‘ஹூ’ கேண்டிடேட்ஸோடு போகிறது, ‘இஸ்’ ஒன்னோடு போகிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் வைத்துக் கேட்பார்கள்.

ஓய்வு_இங்கிலீஷ்டீச்சர்:
இங்கே இவ்வளவு நடக்கிறது, வாக்கியத்தின் தலைப்பில் வரும் தொடரைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. டெல்லியில் நான் பாடம் எடுத்த காலமெல்லாம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியது அதோடுதான்.

‘ஆன் ரீச்சிங் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்.’ ஸ்டேஷனை அடைந்தது யார்? வாக்கியப்படி ரயில். ‘ஆன் ரீச்சிங் தி ஸ்டேஷன், ஐ ஃபவுண்ட் தட் தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’ என்று கமாவுக்கு அடுத்து ஆளைக் கொண்டுவர வேண்டும்.

‘அஸ் எ சைல்ட், மை ஃபாதர் டுக் மீ டு மலை மந்திர் எவ்ரி வீக்.’ அப்பா குழந்தையாக இருந்தபோது உன்னை எப்படிக் கோவிலுக்குக் கூட்டிப்போனார்? ‘வென் ஐ வாஸ் எ சைல்ட்’ என்று மாற்று.

‘அன்லைக் சென்னை, தி விண்டர் இன் டெல்லி இஸ் சிவியர்.’ ஊரையும் குளிர்காலத்தையும் ஒப்பிடுகிறாய். ‘அன்லைக் சென்னை, டெல்லி ஹேஸ் எ சிவியர் விண்டர்’ என்றால் ஊரும் ஊரும். ‘லைக்’, ‘அன்லைக்’ இரண்டைக் கண்டாலே கமாவுக்கு அந்தப் பக்கம் நிற்பது யார் என்று முதலில் பாருங்கள். மற்ற விடைகளைப் படிக்கவே தேவை இருக்காது.

ஆர்கேபுரம்_தமிழ்வாத்தியார்:
டீச்சரம்மா சொன்ன முதல் வாக்கியத்துக்கு நம்மிடமும் கணக்கு உண்டு. ‘செய்து’ வாய்பாட்டு வினையெச்சத்தின் எழுவாயும் முடிக்கும் வினையின் எழுவாயும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘நான் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் கிளம்பிவிட்டது’ என்றால் காது ஒப்பாது. ‘நான் போனபோது ரயில் கிளம்பிவிட்டது’ என்றால் ஒப்பும். பிள்ளைகள் ‘ஆன் ரீச்சிங்’கைப் ‘போனபோது’ என்று படித்துக்கொள்வதால்தான் குற்றம் தெரிவதில்லை. அதைப் ‘போய்’ என்று படித்தால் உடனே உறுத்தும்.

ஓய்வு_இங்கிலீஷ்டீச்சர்:
ஐயா, இது எனக்கு வகுப்பெடுத்த நாளிலேயே கிடைத்திருக்கலாம்! ‘ஆஃப்டர்’, ‘பை’, ‘விதவுட்’ சேர்ந்த ‘-இங்’ தொடர்களுக்கும் இது பொருந்துகிறது. ‘விதவுட் சேயிங் எனிதிங், தி டோர் வாஸ் ஷட்.’ ‘ஒன்றும் சொல்லாமல் கதவு மூடப்பட்டது.’ அட, தமிழிலும் கோணலாகத்தானே இருக்கிறது.

சாகேத்_சப்பாத்தி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஜனவரியில் நியூ டெல்லி ஸ்டேஷனில் தமிழ்நாடு எக்ஸ்பிரசுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் ‘ட்யூ டு ஃபாக்’ என்று அறிவிப்பு வரும். ‘தி ட்ரெயின் இஸ் டிலேய்ட் ட்யூ டு ஃபாக்’ தப்பு என்று ஒருவர் சொன்னார். நிஜமா?

துவாரகா_இரவுஷிஃப்ட்:
பழைய ஜிமேட் கணக்கில் தப்பு. ‘ட்யூ டு’ பெயரைத்தான் விவரிக்கும், ‘தி டிலே வாஸ் ட்யூ டு ஃபாக்’ என்றால் சரி. வினையை விவரிக்க ‘பிகாஸ் ஆஃப்’ வர வேண்டும்.

முனீர்கா_மொழியியல்:
அதைத் ‘தப்பு’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கில அகராதிக்காரர் ஃபௌலர் 1926-இல் தன் பயன்பாட்டு அகராதியில் இதைக் கடிந்து எழுதினார், உண்மை. அதற்கப்புறம் ஊரே அப்படி எழுதத் தொடங்கிவிட்டது. இன்றைய அகராதிகள் ‘ட்யூ டு’வை ‘பிகாஸ் ஆஃப்’ போலவே ஒரு ப்ரிப்போசிஷனாக ஏற்கின்றன. பேசுகிறவர்கள் பாதி உலகம் என்றால் அதுதான் இலக்கணம்.

ஓய்வு_இங்கிலீஷ்டீச்சர்:
உங்கள் பல்கலைக்கழகத்தில் அது இலக்கணமாக இருக்கலாம் தம்பி. கீ தயாரிப்பவர் படித்த புத்தகத்தில் பழைய விதிதான் இருக்கும். பிள்ளை மார்க்கை இழக்கக் கூடாது.

கரோல்பாக்_தணிக்கை:
இரண்டு பேரும் சொல்வது சரி, தேர்வறைக்குள் டீச்சர் சொல்வதைக் கேள். ‘டிலேய்ட் ட்யூ டு’வும் ‘டிலேய்ட் ஓயிங் டு’வும் விடைகளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பின்னதைக் குறி. ‘ட்யூ டு’ மட்டும்தான் இருக்கிறது, வேறிடத்தில் ஒரு பெரிய பிழை கண்ணுக்குத் தெரிகிறது என்றால் இதைத் தொடாமல் அந்தப் பிழையைப் பார்.

சாகேத்_சப்பாத்தி:
ரயில் வரட்டும், எந்த ப்ரிப்போசிஷனில் வந்தாலும் சரி.

முகர்ஜிநகர்_மூணாவதுமாடி:
எல்லோருக்கும் நன்றி. ‘வித்’ ஒன்று பாக்கி. ‘தி கார்டு ஸ்டாப்ட் தி பாய் வித் எ ஸ்டிக்.’ கம்பு யார் கையில்?

முனீர்கா_மொழியியல்:
இதற்கு வாக்கியத்துக்குள் விடை கிடையாது. ‘கம்பு வைத்திருந்த பையனை’ என்றும் வரும், ‘கம்பால் தடுத்தார்’ என்றும் வரும். தேர்வில் இது தனியாக வராது. விடைகளில் ஒன்று ‘யூஸிங் எ ஸ்டிக், தி கார்டு…’ என்றோ ‘தி பாய் ஹூ ஹேட் எ ஸ்டிக்’ என்றோ பிரித்துக் காட்டும். மூல வாக்கியத்தின் கருத்துக்கு எது பொருந்துகிறதோ அதை எடு. கருத்து எதுவென்று சுற்றியுள்ள சொற்களில் ஒரு துப்பு இருக்கும். அந்தத் துப்பே இல்லையென்றால் கேள்வியே கோணல், அடுத்ததற்குப் போ. தப்பாகக் குறித்தால் டயர் 1-இல் அரை மார்க் போகும்.

முகர்ஜிநகர்_மூணாவதுமாடி:
சரி அண்ணா. இப்போது நானே ஒன்று எழுதினேன், திருத்தித் தாருங்கள். எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். மாடியில் தண்ணீர் இல்லை, ஹவுஸ் ஓனர் இங்கிலீஷில் எழுதினால்தான் பதில் போடுவார்.

‘தி வாட்டர் இன் தி டேங்க் ஆன் தி ரூஃப் ஃபார் தி டெனன்ட்ஸ் ஆன் தி தேர்ட் ஃப்ளோர் ஹேவ் நாட் பீன் ஃபில்ட் சின்ஸ் மார்னிங்.’

ஓய்வு_இங்கிலீஷ்டீச்சர்:
‘ஹேஸ்’, ‘ஹேவ்’ இல்லை. அது எளிது. அதைவிட, ‘ஃபார் தி டெனன்ட்ஸ்’ ரூஃபுக்கா, டேங்க்குக்கா? மாடியே உங்களுக்காகக் கட்டியது போல் படிக்கிறது. அப்புறம், நிரப்புவது தண்ணீரையா, டேங்க்கையா?

கரோல்பாக்_தணிக்கை:
‘தி தேர்ட்-ஃப்ளோர் டெனன்ட்ஸ்’ டேங்க் ஆன் தி ரூஃப் ஹேஸ் நாட் பீன் ஃபில்ட் சின்ஸ் மார்னிங்’ என்று போடு. நான்கு தொடரை ஒன்றாக்கியாயிற்று. ‘சின்ஸ் திஸ் மார்னிங்’ என்றால் இன்னும் நல்லது. ‘ப்ளீஸ்’ ஒன்று சேர்த்துக்கொள், வாடகை அடுத்த வாரம்தானே?